மேளக்காரர் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ!

போன மாதம் சொந்தக்காரப் பிள்ளை ஒண்டின்ர கலியாண அல்பம் பாக்கக் கிடைச்சது. 400 படத்துக்கு மேலை. கேக்குக்கு மட்டும் 11 படம். தாலி கட்டேக்குள்ளை கெட்டிமேளம் அடிச்ச தவில்காரரைத் தேடினால், ஒரு படத்தின்ர ஓரத்தில பாதித் தவிலும் ஒரு கையும். நாதஸ்வரத்துக்கு அணசு மட்டும். ஊதினவரின்ர முகம் இல்லை.

"மேளக்காரர் மறைக்கினம், கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ" எண்டு போட்டோக்காரத் தம்பி கத்தினதை என்ர காதால கேட்டனான். ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தனான். அந்த வெக்கத்திலதான் இதை எழுதுறன்.

கேட்டால் கஷ்டம் எண்டு சொல்லுவினம். கஷ்டம்தான். நாதஸ்வரம் இரண்டரை அடிக்கு மேலை நீளம். நேர முன்னுக்கு நிண்டு எடுத்தால் அணசுதான் பெரிசாத் தெரியும், முகம் பின்னால ஒளிச்சிடும். தவில்காரரின்ர விரல்கள் கூடு போட்டுக்கொண்டு பறக்கும். மண்டப வெளிச்சத்தில அது புகை மாதிரித்தான் விழும். அவையள் ஆளையாள் பாத்து வாசிப்பினம், கமராவைப் பாத்து இல்லை. நிப்பாட்டிச் சிரிக்கச் சொன்னாலோ, தடியோட நிக்கிற காவல்காரர் மாதிரி நிப்பினம்.

நான் கம்பஸை இடையில விட்டிட்டு வந்து றெஸ்ரோறன்ற் குசினியில நிக்கிறவன். லீவு நாளில பழைய கமரா ஒண்டோட, 1981இல தொடங்கின எங்கட விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போய்ப் பழகினது இவ்வளவுதான்: பக்கவாட்டில நிக்கவேணும். கொஞ்சம் பதிஞ்சு எடுக்கவேணும். பின்னால தாளம் போடுறவரை வெட்டக்கூடாது. ஒரு தவில்காரர் அடிச்சு முடிச்சு மற்றவருக்கு விடேக்குள்ளை ரெண்டு பேருக்கும் ஒரு சிரிப்பு வரும். அதுதான் படம். காத்திருந்தால் எனக்கே கிடைக்குது. காசு வாங்கிற ஆளுக்குக் கிடைக்காதோ?

ஆகவே காரணம் கமரா இல்லை. ஊரில மேளக்காரரைத் திண்ணைக்கு அங்காலை வைச்ச சாதிக் குணம், எங்களோட சேர்ந்து பிளேன் ஏறி வந்திருக்கு. 1975இல மறைஞ்ச தட்சணாமூர்த்தியின்ர தவில், அளவெட்டி பத்மநாதன்ர நாதஸ்வரம், சாவகச்சேரி பஞ்சாபிகேசன் எண்டு மேடையில பெருமை அடுக்குவம். பக்கத்தில உயிரோட நிண்டு வாசிக்கிறவரின்ர பேரைக் கேட்டால் முழுசுவம்.

1958இல நியூயோர்க் ஹார்லெமில ஒரு வீட்டுப் படியில 57 ஜாஸ் கலைஞரை நிக்கவைச்சு ஆர்ட் கேன் ஒரு படம் எடுத்தார். அநேகம் பேரின்ர கையில வாத்தியமே இல்லை. ஆனால் யார் எங்கை நிக்கினம் எண்டு பேரோட இண்டைக்கும் சொல்லுவினம். எங்கட அல்பத்திலயோ பாதி வாத்தியம் இருக்கு, ஆள் இல்லை.

கலியாணம் வைக்கிறவைக்கு ஒண்டு சொல்லுறன். போட்டோக்காரரிட்டை முதலே சொல்லிவையுங்கோ: மேளக்காரருக்கு எண்டு ஒரு படம். முழு ஆள், முழு வாத்தியம், தாளக்காரர் உட்பட. கீழை பேர் எழுதுங்கோ. ஒரு கொப்பி அவையளுக்கும் குடுங்கோ.

அவையள் வாசிக்காமல் தாலி ஏறாது. படத்தில நிக்க மட்டும் இடமில்லையோ?