கேம் ஆடினா போதுமா... ஜிம் வேண்டாமா?

‘ஜிம்முக்கு ஃபீஸ் கட்டி நாலு நாள்கூடப் போகல’ என்பவர்களுக்கு ஆசை காட்டுகின்றன ஃபிட்னஸ் கேம்கள். நின்டெண்டோவின் ‘ரிங் ஃபிட் அட்வென்ச்சர்’ (2019) நல்ல உதாரணம். கையில் ஒரு வளையம், தொடையில் ஒரு பட்டை. நின்ற இடத்தில் நாம் ஓடினால்தான் திரையில் ஹீரோ ஓடுவார். ஸ்குவாட் போட்டால்தான் எதிரிக்கு அடி விழும். 2020 ஊரடங்கில் ஜப்பான், அமெரிக்காவில் ஸ்டாக்கே இல்லாத அளவுக்கு ஹிட்!

வியர்க்குமா? நிச்சயமா. வாரம் 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேணும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூச்சு வாங்க ஆடினால் இதுவும் அந்தக் கணக்கில் சேரும். ஆனால், அதே பரிந்துரையில் வாரம் 2 நாள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் இருக்கு. தசை வலுவாக, சுமையைக் கூட்டிக்கிட்டே போகணும். வளையத்தின் இறுக்கமோ என்றைக்கும் ஒன்றுதான்.

இன்னொரு சிக்கல், உற்சாகம். 2016-ல் ‘போகிமான் கோ’ ஆடிய அமெரிக்க இளைஞர்களை ஹார்வர்டு ஆய்வாளர்கள் கவனித்தார்கள். முதல் வாரம் தினமும் சராசரியாக 955 ஸ்டெப்ஸ் கூடுதலாக நடந்தவர்கள், ஆறாவது வாரத்தில் பழைய கணக்குக்கே வந்துட்டாங்க. ஜிம் ஃபீஸுக்கு நடந்த அதே கதை!

சோபாவிலிருந்து எழுப்பிவிட கேம் சூப்பர். கூடவே வாரம் 2 நாள் தண்டால், டம்பெல் என்று ஏதாவது வேணும். கன்சோல் வாங்கும் முன், நண்பரிடம் 6 வாரம் கடன் வாங்கி ஆடிப் பாருங்க. ஏழாவது வாரமும் கை அதைத் தேடினால், தாராளமா வாங்கலாம்.