பூட்டி வைத்தால் பாதுகாப்பா?

"நிதி வரட்டும், அப்புறம் பார்க்கலாம்." ஊருக்குச் சொந்தமான பழைய வீடு எது காலியாகக் கிடந்தாலும் வருகிற பதில் இதுதான். நிதி வரும்வரை மழை காத்திருக்குமா?

புதுவைக் கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டிடத்தைப் பாருங்கள். 1870களின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய நகராட்சி மாளிகை. பழுதடைந்து நின்றது, 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்தே விழுந்தது! பிறகு உலக வங்கி நிதியில் அதே வடிவில் புதிதாகக் கட்டி, 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். அழகுதான், ஆனால் நகல்தானே?

பராமரிப்பைத் தள்ளிப்போடுவது சேமிப்பு அல்ல, கடன். வட்டியோடு கட்டியே ஆக வேண்டும். எனவே நூலகமோ, பதிவு அலுவலகமோ, முதலில் ஒரு பயனை முடிவு செய்யுங்கள். நாலு பேர் வந்துபோகும் வீட்டில் ஒழுகல் அன்றே கண்ணில் படும். பூட்டிய வீட்டில் கரையான்தான் குடித்தனம் நடத்தும்!