தூரத்தை எதைக்கொண்டு அளப்பது?

அவுஸ்திரேலியாவின் உள்நாட்டு வறள்வெளியைத் தன்னந்தனியாகச் சைக்கிளில் கடப்பது ஒரு நெடிய மரபு. ஆர்தர் ரிச்சர்ட்சன் என்ற இளைஞர் 1896இல் கூல்கார்டியிலிருந்து அடிலெய்டு வரை, நல்லார்பர் சமவெளி ஊடாக, 31 நாட்களில் சைக்கிளில் சென்றார். கையில் ஒரு சிறு பொதியும் தண்ணீர்ப் பையும் மட்டுமே. அதே மனிதர் 1899இல் பேர்த்திலிருந்து புறப்பட்டு, கண்டத்தையே சுற்றி 1900இல் திரும்பி வந்தார். இன்றும் போர்ட் ஒகஸ்டாவிலிருந்து டார்வின் வரை ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர் நீளும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் ஆண்டுதோறும் எவரோ ஒருவர் தனியே மிதித்துக்கொண்டு போகிறார்.

இத்தகைய பயண நூல்களை விரும்பிப் படிப்பவன் நான். மனித உடலின் உறுதிக்கும் மன வலிமைக்கும் அவை சாட்சி. ஆனால் அவற்றில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொற்றொடர் என்னை உறுத்துகிறது: 'யாருமற்ற நிலம்'. அந்நிலத்தில் பல்லாயிரம் ஆண்டுகளாக ஆதிக்குடிகள் வாழ்ந்து வருகிறார்கள். எவருக்கும் உரித்தில்லாத நிலம் என்ற சட்டப் புனைவை அந்நாட்டு உயர் நீதிமன்றம் தூக்கியெறிவதற்கு 1992ஆம் ஆண்டின் மாபோ வழக்கு வரை காத்திருக்க நேர்ந்தது. ஒரு நிலத்தைக் கடந்து போகிறவனின் கண்ணுக்கு அங்கே வாழ்கிறவன் தென்படாமற் போவது பயண இலக்கியத்தின் பழைய நோய்.

அந்த நோய் நம் மலையகத்துக்கும் வந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கவலை.

கண்டிக்கருகே ஹந்தானையில் தொடங்கி, ஹற்றன், பொகவந்தலாவை, ஹப்புத்தளை, எல்ல எனச் சுற்றி நுவரெலியாவில் முடியும் 'பெக்கோ ட்ரெயில்' என்ற நெடும்பாதை இப்போது உலகப் பிரசித்தம். 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கும் மேல். மேலைநாட்டு உதவியுடன் அமைக்கப்பட்ட இப்பாதையில் பெரும்பாலானோர் நடக்கிறார்கள்; மலையேறும் சைக்கிளுடன் வருவோரும் உண்டு. முயற்சி நல்லது; நான் அதை எதிர்க்கவில்லை. மலையகத்துக்கு வெளியுலகின் கண்கள் வேண்டும். ஆயினும் விளம்பரங்களில் அந்த மலைகள் பச்சையாக, அமைதியாக, ஆளரவமற்றுத் தெரிகின்றன. ஆள் தெரிந்தால் அது கூடை சுமந்து புன்னகைக்கும் ஒரு பெண்ணின் படம்.

இந்தப் பாதைகள் யாருடையவை? ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 1867இல் தேயிலை பயிரிடுவதற்கு முன்னரே, கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே கால்நடையாக வந்தார்கள். நோயிலும் பசியிலும் வழியிலேயே மடிந்தவர்கள் பலர். நம் வரலாற்றின் மிகக் கொடிய நெடும்பயணம் அது. அதற்குப் பயணக் குறிப்பு எழுத எவருமில்லை. 200 ஆண்டு நிறைவையொட்டி 2023 ஜூலை 28 அன்று தலைமன்னாரில் புறப்பட்ட ஒரு நடைபயணம் அவ்வழியை மீள நடந்து ஓகஸ்ட் 12 அன்று மாத்தளையை அடைந்தது. அந்த நடைக்கும் மேலைநாட்டார் நடக்கும் சுற்றுலாப் பாதைக்கும் இடையே ஒரு தொடர்பும் ஏற்படுத்தப்படவில்லையெனில், வரலாறு பாதியிலேயே அறுந்துவிடும்.

வரலாற்றோடு விடயம் முடிந்துவிடவில்லை. தூரம் என்பதைப் பற்றியும் பேசவேண்டும். அவுஸ்திரேலியப் பாலையில் ஒரு வழித்தங்கலிலிருந்து அடுத்தது 200 கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கக்கூடும். அந்தத் தூரத்தை அந்நாடு ஓர் அரசியற் பிரச்சினையாக ஏற்றுக்கொண்டது. 1928இல் பறக்கும் மருத்துவர் சேவை தொடங்கிற்று. 1951இல் அலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து வானொலிவழிப் பள்ளி தொடங்கிற்று. ஆதிக்குடிகளின் குடியிருப்புகளுக்கு இவற்றின் பயன் இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை என்பது உண்மையே. எனினும் தொலைவில் வாழ்பவனிடம் மருத்துவம் போகவேண்டும் என்ற கொள்கையாவது அங்கே உண்டு.

நம் மலையகத்தில் தூரங்கள் சிறியவை. ஒரு தோட்டத்தின் மேற்கணக்கிலிருந்து பிரதான வீதிக்கு ஐந்தாறு கிலோமீற்றர் இருக்கலாம். ஆனால் அந்தப் பாதை குண்டும் குழியுமாய், மழைக்காலத்தில் சேறாய்க் கிடக்கும்போது, பிரசவ வேதனையிலிருக்கும் ஒரு பெண்ணுக்கு அது பாலைவனத்தைவிட நீண்டது. தோட்டப் பாதைகள் கம்பனிகளின் பொறுப்பில் விடப்பட்டிருந்தன. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமே தோட்டங்களுக்குள் சபையின் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. அது திருத்தப்பட்டது 2018இல். முப்பத்தொரு ஆண்டுகள்! தோட்டத்து மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த சபை, அவர்களுடைய பாதையிற் கல்லைப் போடமுடியாமல் இருந்த காலம் அது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண்சரிவுகள் வீதிகளை அறுத்தன. பல தோட்டங்கள் தனித்தீவுகளாயின. சரிவு எச்சரிக்கை வந்தாலும் வேறிடம் போய் வீடுகட்ட அவர்களுக்குச் சொந்த நிலம் ஏது?

எல்லாம் கடைசியில் நிலத்திலேதான் வந்து நிற்கின்றன. காசல்றீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள பழைய துரைமார் பங்களாக்களிற் சில 2005 முதல் உல்லாச விடுதிகளாகிவிட்டன. இப்பாதையில் நடப்பவரும் மிதிப்பவரும் இரவு தங்குவதற்கு இடம் தேடுகிறார்கள். ஒரு தோட்டத் தொழிலாளி தன் லயத்தில் ஓர் அறையைக் கட்டி அவர்களுக்கு வாடகைக்கு விடமுடியுமா? முடியாது. லயக் காம்பராவும் அது நிற்கும் மண்ணும் அவருடையவை அல்ல. உறுதிப்பத்திரம் இல்லாதவருக்கு வங்கிக் கடனும் இல்லை. தனக்கென ஒரு முகவரிகூட இல்லாமல், தோட்ட அலுவலகத்தின் ஊடாகக் கடிதம் பெறும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 2015இற்குப் பின் 7 பேர்ச் காணியுடன் தனிவீடுகள் வழங்கப்பட்டன. தேவையோடு ஒப்பிட்டால் அவை சொற்பம். ஆகவே இச்சுற்றுலாவின் வருமானம் அந்த வாசல்வழியே நடந்துபோகும், உள்ளே நுழையாது.

எனவே என் கோரிக்கைகள் மூன்று. இப்பாதை ஊடறுக்கும் தோட்டங்களில், பாதையோரக் குடும்பங்களுக்கு முதலிற் காணி உறுதி வழங்கவேண்டும். தங்குமிடமும் சாப்பாட்டுக் கடையும் அவர்கள் நடத்தட்டும். பயணிகளுக்காகச் செப்பனிடப்படும் ஒவ்வொரு பாதையும் லயத்திலிருந்து வைத்தியசாலைக்கும் பாடசாலைக்கும் போகும் பாதையாகவும் இருக்கவேண்டும். கட்டந்தோறும் வைக்கப்படும் பலகைகளில் தேயிலையின் கதையோடு, அதைப் பயிரிட நடந்து வந்தவர்களின் கதையும் தமிழிலும் இடம்பெறவேண்டும்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்ணிலும் இருந்து விடுமுறைக்கு வரும் நம்மவர்கள் அதிகம். யாழ்ப்பாணம் போகும் வழியில் நுவரெலியாவில் ஒருநாள் தங்கிப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். அடுத்தமுறை வரும்போது இரண்டு கட்டங்களையேனும் நடந்து பாருங்கள். உடல் இடங்கொடுத்தால் சைக்கிளிலும் போகலாம். அந்தத் தோட்டத்தின் பெயரையும் கணக்கின் பெயரையும் கேட்டறியுங்கள். வழியிலுள்ள சிறுகடையில் ரொட்டியும் சம்பலும் வாங்கிச் சாப்பிடுங்கள். இந்த வீடு யார் பெயரில் இருக்கிறது என்றும் ஒருவரிடமேனும் கேளுங்கள். ஊர் திரும்பியபின், கேட்ட பதிலை எழுதுங்கள்.