தோலைத் தொடுவது யார் விருப்பம்?

கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகள் சிலர் கைப்பேசியில் பார்த்துப் பார்த்துத் தோலில் பூச்செதுக்கப் பழகுகிறார்கள். ஒரு பெல்ட், ஒரு மணிபர்ஸ், ஒரு நோட்டுப் புத்தக அட்டை. அதில் கொடி ஓடுகிறது, இலை மடங்குகிறது, ஐந்து இதழ்ப் பூ விரிகிறது. பொழுதுபோக்குக்குத்தான் செய்கிறார்கள். ஆனால் வீட்டுப் பெரியவர்களுக்கு அது பொழுதுபோக்காகத் தெரியவில்லை. "செத்த மாட்டை இழுக்கக் கூடாதுன்னுதானே உன்னைப் படிக்க வச்சோம்? மறுபடியும் தோலை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கியே" என்கிறார்கள்.

இந்தக் கோபத்தை அறியாமை என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. ஊரில் மாடு செத்தால் இன்னார்தான் தூக்க வேண்டும், தோலை உரித்துச் செருப்பும் கமலைக்கு வாரும் பறைக்குத் தோலும் இன்னார்தான் செய்துதர வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக வைத்திருந்தார்கள். கூலி, களத்தில் அள்ளிப்போட்ட தானியம். செய்து கொடுத்த செருப்பைச் செய்தவரே ஊர்த்தெருவில் போட்டு நடக்க முடியாது. 1927இல் மகாடில் அம்பேத்கர் கூட்டிய மாநாட்டில், செத்த மாட்டை இழுப்பதையும் அந்த இறைச்சியைத் தின்பதையும் விட்டுவிடுங்கள் என்ற அழைப்பு எழுந்தது. 2016இல் குஜராத்தின் ஊனாவில், செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக நம் மக்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதன் பிறகு அந்த மாநிலத்தில் பலர் இனிச் செத்த மாட்டைத் தொட மாட்டோம் என்று விலகி நின்றார்கள். இந்த வழியாக வந்த வீட்டில், மகன் கையில் தோலைப் பார்த்தால் தாய்க்குப் பதறத்தான் செய்யும்.

இருந்தாலும் நாம் பிள்ளைகள் பக்கம்தான் நிற்கிறோம். அதற்கான காரணத்தைச் சொல்ல, இந்தக் கலை எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கைப்பேசியில் பிள்ளைகள் பார்க்கும் பூவேலைப்பாட்டில் பெரும்பகுதி அமெரிக்காவின் மேற்குப் பகுதியைச் சேர்ந்தது. குதிரைச் சேணத்தின் மேல் செதுக்கிய வேலை அது. ஸ்பெயினிலிருந்து மெக்சிகோவுக்கும், மெக்சிகோவிலிருந்து அங்குள்ள மாட்டுப் பண்ணைகளுக்கும் போனது. வயோமிங் மாநிலத்தில் ஷெரிடன் என்ற சிற்றூரில் டான் கிங் என்ற சேணத் தொழிலாளி இதற்குத் தனி முகம் கொடுத்தார். வட்டம் வட்டமாகச் சுருளும் கொடி, நெருக்கமாகச் சிறு காட்டுரோஜாக்கள். இன்று உலகம் முழுவதும் அதை 'ஷெரிடன் பாணி' என்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டுக் கிடந்த படைவீரர்களுக்கு அங்குள்ள மருத்துவமனைகளில் தோல்வேலை கற்றுக்கொடுத்தார்கள். கைக்குப் பயிற்சியாகவும் மனதுக்கு ஆறுதலாகவும் இருக்கட்டும் என்றுதான். அல் ஸ்டோல்மேன் என்பவர் படிப்படியாகக் கற்கும் கையேடுகளை எழுதினார். தம் மனைவி ஆனுடன் சேர்ந்து சேணம் செய்வதைப் பற்றி மட்டும் மூன்று தொகுதிகள் எழுதினார். (அங்கே எல்லாரும் சமம் என்று நாம் சொல்லவில்லை. அந்தப் பண்ணைகளில் மாடு மேய்த்த கருப்பின மக்களையும் மெக்சிகோக்காரர்களையும் சினிமா எப்படி அழித்தது என்பது வேறு கதை.) ஆனால் தோலைத் தொட்டதற்காக அங்கே ஒருவரைத் தெருவுக்கு வெளியே வைக்கவில்லை. மருந்தாகக் கொடுத்த அதே தோல் இங்கே தீட்டு. பொருள் ஒன்றுதான், பார்க்கிற கண்தான் வேறு.

நம் இலக்கியத்திலேயே இது பதிவாகியிருக்கிறது. புறநானூற்றின் 82ஆம் பாட்டைத் தமிழ் படிக்கும் மாணவர்கள் எடுத்துப் பாருங்கள். சாத்தந்தையார் பாடியது. போரின் வேகத்துக்கு உவமை தேடிய புலவர், கட்டிலுக்கு வார் பின்னுகிற ஒரு தொழிலாளியின் கையில் உள்ள ஊசியின் வேகத்தைத்தான் சொல்கிறார். ஊரில் விழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், வெளியே மழை, பொழுதும் சாய்கிறது. அதற்குள் வேலையை முடிக்க அவன் கை பறக்கிறது. எவ்வளவு நுட்பமாகப் பார்த்திருக்கிறார்! ஆனால் அந்த மனிதனைக் குறிக்க அவர் போட்ட சொல் 'இழிசினன்'. கையின் திறமை கண்ணில் பட்டது, கைக்கு உரியவனுக்கு மரியாதை இல்லை. எம்.ஏ. வகுப்பில் நமக்கு உவமையின் அழகை விளக்கினார்கள். அந்த ஒரு சொல்லைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

இப்போதும் அப்படித்தான். வங்கத்தில் சாந்திநிகேதன் தோல் பைகளைப் பார்த்திருப்பீர்கள். தாகூரின் மகன் ரதீந்திரநாத்தும் மருமகள் பிரதிமா தேவியும் அங்கே வளர்த்த கைவேலை அது. புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. நல்ல வேலைப்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் பெரிய வீட்டார் தோலைத் தொட்டால் கலை, பேருந்து நிலைய வாசலில் குடைக்கு அடியில் உட்கார்ந்து நம் பெரியவர் தொட்டால் செருப்புத் தைப்பு என்று இருக்கிறதே, அதைத்தான் கேட்கிறோம். 2025இல் இத்தாலியின் பிராடா நிறுவனம் மிலான் மேடையில் கோலாப்பூர் செருப்பைப் போலவே ஒன்றைக் காட்டியது. மகாராட்டிரத்தில் எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் அது இந்தியக் கைவினையைப் பார்த்துச் செய்தது என்று ஒப்புக்கொண்டது. தோலுக்கு மதிப்புக் கூடும்போதெல்லாம் நம் பெயர் அதிலிருந்து உதிர்ந்துவிடுகிறது.

நமக்குள்ளேயும் ஒன்று இருக்கிறது, அதையும் பேசிவிடுவோம். தோல் தொட்டதைக் காட்டி அருந்ததியரைக் கீழே வைப்பதில் மற்ற ஒடுக்கப்பட்ட சாதிகளும் சளைத்தவை அல்ல. சேரிக்குள்ளேயே பெண் கொடுக்காத, தண்ணீர் வாங்கிக் குடிக்காத வீடுகள் உண்டு. தோலில் பூச்செதுக்கும் பையனைக் கேலி செய்கிற நம் தெரு இளைஞர்கள், தாங்கள் யார் குரலில் பேசுகிறோம் என்று யோசிக்க வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். ஆசைப்பட்டு இறங்குகிற பிள்ளைகள் பலர் முதல் மாதத்திலேயே சலித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் கை காரணமில்லை, தோல்தான் காரணம். கடையில் மலிவாகக் கிடைக்கும் மெத்தென்ற தோல் குரோமியம் போட்டுப் பதனிட்டது. அதில் எவ்வளவு அடித்தாலும் அச்சு நிற்காது, ரப்பர் போல எழும்பிவிடும். பூவேலைக்கு மரப்பட்டையில் பதனிட்ட தோல் வேண்டும். அதற்கு அமெரிக்காவைப் பார்க்க வேண்டியதில்லை. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்டு, 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரில் கப்பலேறிய சரக்கு இந்தத் தமிழ்நாட்டுச் சரக்குதான். அதற்கும் புவிசார் குறியீடு உண்டு. ஆவாரம்பட்டையில் மட்டும் பதனிட்டால் வெயில் பட்டுத் தோல் சிவந்துபோகும், கடுக்காய் அதைத் தடுக்கும். இந்தக் கணக்கு ஷாப்பில் வேலைபார்த்தவர்களின் கைக்குத் தெரியும். திண்டுக்கல் ஷாப்புகளில் சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கிக் காலும் கையும் வெந்த நம் மக்களின் கதையைத்தான் டி. செல்வராஜ் 'தோல்' நாவலில் எழுதினார். 2012இல் அதற்கு சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. மாணவர்கள் அந்த நாவலைப் படித்துவிட்டுத் தோலை எடுத்தால் நல்லது என்பது நம் எண்ணம்.

தோல் 3 மில்லிமீட்டர் கனமாவது இருக்கட்டும். தண்ணீரில் நனைத்து, பாலிதீன் பைக்குள் சுற்றி ஒரு இரவு வைத்துவிடுங்கள். மறுநாள் எடுத்துக் காற்றில் ஆறவிட்டால், மேற்பரப்பு பழைய நிறத்துக்குத் திரும்பும். ஆனால் கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி இருக்கும். அந்தப் பதத்தில்தான் கத்தி வைக்க வேண்டும். ஈரம் கூடினால் வெட்டு குழையும், குறைந்தால் கத்தி இழுக்கும். நம் ஊர்களில் இன்னொரு தொல்லை இருக்கிறது. போர் தண்ணீரில் இரும்புச்சத்து அதிகம். பட்டையில் பதனிட்ட தோலில் இரும்பு பட்டால் கன்னங்கரேலென்று கறை ஏறும். துருப்பிடித்த கருவியை ஈரத்தோலில் வைத்தாலும் அதே கதிதான். மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டுவதற்கு 'ஸ்விவல் நைஃப்' என்ற சுழல்கத்தி. ஆட்காட்டி விரல் மேலே அழுத்த, மற்ற விரல்கள் தண்டைத் திருப்பும். தோலின் கனத்தில் பாதிக்கு மேல் வெட்டு இறங்கக் கூடாது. புதிதாக வாங்கிய கத்தி அப்படியே வெட்டாது. சவரத் தொழிலாளி கத்தியை வாரில் தீட்டுவதுபோல, பாலிஷ் மெழுகு தேய்த்த தோல் பட்டையில் தீட்டித் தீட்டி அலகு கண்ணாடிபோல ஆக வேண்டும். வேலைக்கு நடுவிலும் அடிக்கடி தீட்ட வேண்டும். கத்தி தடுக்கினால் உங்கள் கையைக் குறை சொல்வதற்கு முன் வாரில் தீட்டிப் பாருங்கள். பிறகு வெட்டின் ஒரு பக்கத்தைத் தாழ்த்தி அடிக்கும் பெவலர். அச்சைத் தூக்கி வைத்துத் தூக்கி வைத்து அடித்தால் படிப்படியாகத் தழும்பு விழும். தோலை விட்டு எடுக்காமல், முந்தைய அடியின் மேல் பாதி ஏறும்படி நகர்த்திக்கொண்டே கொட்டாப்புளியால் ஒரே அளவில் தட்ட வேண்டும். அடியில் கனமான கல் இல்லாவிட்டால் அடி எல்லாம் வீண். கிரானைட் கடையில் தூக்கிப்போடும் துண்டு போதும். பாட்டியின் அம்மிக்கல்லைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டுகிறவர்களும் உண்டு, பாட்டி சம்மதித்தால் சரி.

பிள்ளைகள் அதிகம் தவறவிடுவது வரைதலைத்தான். அடுத்தவர் படத்தை நகல் எடுத்து வெட்டினால் கை பழகும், கண் பழகாது. கொடி எங்கே பிறந்து எங்கே பிரிகிறது, தண்டு எங்கே மெலிகிறது என்பதைத் தினமும் அரைமணி தாளில் வரையுங்கள். சிக்குக்கோலம் போடத் தெரிந்த நம் பெண்பிள்ளைகளுக்கு இது ஒரு வாரத்தில் பிடிபடும். அவர்களின் மணிக்கட்டுக்கு வளைவு ஏற்கனவே தெரியும். கோயில் தூண்களில் ஓடும் கொடிக்கருக்கைப் போய்ப் பாருங்கள். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம்மவர்கள் நுழைந்தது 1939 ஜூலை 8இல்தான். அதுவரை அந்தக் கொடியைக்கூடப் பக்கத்தில் போய்ப் பார்க்க விடவில்லை. இப்போது தாளும் பென்சிலுமாகப் போய் நின்று நிதானமாக வரையலாம். ஷெரிடன் காட்டுரோஜாவுக்கும் ஐந்து இதழ், நம் ஆவாரம்பூவுக்கும் ஐந்து இதழ். எந்தச் செடியின் பட்டை தோலைப் பதப்படுத்தியதோ அதன் பூவை அந்தத் தோலில் செதுக்க இதுவரை யாரும் முனைந்ததாக நாம் பார்க்கவில்லை.

ஆர்வம் தொழிலாக மாறினால் அதற்கும் வழி உண்டு. சென்னை அடையாறில் 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. சென்னை நிஃப்ட் நிறுவனத்தில் தோல் வடிவமைப்புக்குத் தனிப் படிப்பு இருக்கிறது. இந்த இடங்களில் வகுப்பறையில் உட்கார்ந்து வரைகிறவர்களும், சுண்ணாம்புக் குழியில் இறங்குகிறவர்களும் ஒரே தெருவிலிருந்து வருகிறார்களா என்று கணக்கெடுத்துப் பாருங்கள். 2015இல் ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சகதியில் மூழ்கிச் செத்தார்கள். தோல் தொழிலில் நம்மவர்களுக்கு இடம் இல்லாமல் இல்லை. எந்த இடம் என்பதுதான் கேள்வி.

அதனால்தான் ஒரு விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். சுயதொழில் பயிற்சி என்று அறிவிப்பு வரும்போது, நம் தெருவுக்கு வந்தால் மட்டும் அது செருப்பு, தோல் என்று சுருங்குவதை நாம் பார்த்துவருகிறோம். அடுத்த தெருப் பிள்ளைக்குக் கணினி, நம் பிள்ளைக்குக் குத்தூசியா? அப்படி வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஒருவன் விரும்பி எடுக்கிற தோலும், சாதியைப் பார்த்து நீட்டுகிற தோலும் ஒன்றாகாது. அரசுப் பள்ளிகளின் ஓவிய, கைத்தொழில் வகுப்புகளில் களிமண்ணும் காகிதமும் இருப்பதுபோலத் தோலும் இருக்கட்டும், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அதே மேசையில் உட்கார்ந்து தட்டட்டும். கற்றுக்கொடுக்கப் பேருந்து நிலைய வாசலில் இருக்கும் அந்தப் பெரியவரை ஆசிரியராக அழைத்து, மணிக்கணக்குக்குச் சம்பளம் போட்டுக் கொடுங்கள். தலைமையாசிரியர்களிடமும் பள்ளி மேலாண்மைக் குழுக்களிடமும் இதைக் கேட்க, அந்தக் குழுவில் இருக்கும் நம் பெற்றோர்கள் இந்த மாதக் கூட்டத்திலேயே எழுந்து நிற்கலாம். தோலுக்குப் பெரிய செலவு ஆகாது. சென்னை பெரியமேட்டுக் கடைகளில் வெட்டுத் துண்டுகள் எடைக்குக் கிடைக்கின்றன. வாங்கும்போது பட்டைத் தோலா என்று கேட்டு, ஓரத்தை நனைத்து நகத்தால் ஒரு கோடு கீறிப் பாருங்கள். கோடு நின்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.