காமாலை மந்திரமும் கழுத்துச் சுரப்பியும்

நமது நாட்டில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்துவிட்டது என்றால், வீட்டார் முதலில் தேடுவது அதன் காரணத்தையல்ல, மந்திரிக்கிறவனையேயாகும். போத்தனூரிலாகட்டும், வெள்ளலூரிலாகட்டும், கிணத்துக்கடவிலாகட்டும், "இன்னாரிடம் போய் மூன்று நாள் வேப்பிலை அடித்துக்கொள், நாலாம் நாள் இறங்கிவிடும்" என்று வழி சொல்ல ஆள் உண்டு. "இந்தக் காமாலை எதனால் வந்தது?" என்று கேட்கத்தான் ஆளில்லை. இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் போகிற உயிர்கள் எத்தனை என்பதைப் பற்றித்தான் நாம் இங்கு எழுதத் துணிகின்றோம்.

முதலாவதாக, காமாலை என்பது ஒரு வியாதியின் பெயரே அல்ல. அது ஓர் அடையாளம். கூரையில் புகை கண்டால் உள்ளே நெருப்பு எங்கே என்று தேடுகிறவன் புத்திசாலி. புகைக்கு விபூதி போடுகிறவனை என்னவென்று சொல்லுவது? கண்ணை மஞ்சளாக்குவது பிலிரூபின் என்கின்ற ஒரு கழிவுச் சாயம். அது இரத்தத்தில் தேங்குவதற்குக் கிருமி காரணமாயிருக்கலாம், சாராயம் காரணமாயிருக்கலாம், பித்தக்குழாயில் அடைத்த கல் காரணமாயிருக்கலாம், விழுங்கிய மருந்தே காரணமாயிருக்கலாம். இவைகளோடு, அநேகர் கனவிலும் நினைக்காத மற்றொரு காரணமும் உண்டு. அது ஈரலிலேயே இல்லை, கழுத்தில் இருக்கின்றது.

"அப்படியானால் மந்திரித்து எத்தனையோ பேருக்குக் குணமாகின்றதே, அது எப்படி?" என்று சிலர் கேட்கக்கூடும். நல்ல கேள்விதான். அசுத்தத் தண்ணீரிலிருந்து வரும் 'ஏ' வகைக் காமாலை, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் ஓய்வினாலேயே தானாகப் போய்விடுகின்றது. மந்திரித்தாலும் போகும், மந்திரிக்காவிட்டாலும் போகும், மந்திரக்காரனை வைதாலும் போகும். தானாகப் போகிற காமாலையைத் தான் போக்கியதாகச் சொல்லிக்கொள்ளுவது, விடிகிற வேளை பார்த்துக் கூவிவிட்டு, சூரியனைத் தான்தான் எழுப்பினதாகச் சேவல் பெருமையடித்துக்கொள்ளுவது போன்றதல்லவா? வட நாட்டில் இன்னொரு வித்தையும் செய்கின்றார்கள். மாமரப் பட்டைச் சாற்றைக் கையில் தடவிக்கொண்டு சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவினால் தண்ணீர் மஞ்சளாகும். "பார், உன் காமாலை இறங்குகிறது" என்று காட்டிக் காசு வாங்குகின்றார்கள். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவப்பாகும் என்பதை ஆரத்தித் தட்டில் தினம் பார்க்கின்ற நமது தாய்மார்களுக்கு இதன் சூட்சுமத்தை நாம் விளக்க வேண்டுமா?

இப்படிக் கிடைத்த புகழ்தான் ஆபத்தானது. தானாகப் போகாத காமாலைக்காரனும் அந்தப் புகழைக் கேட்டுத்தான் அதே திண்ணைக்குப் போய் உட்காருகின்றான். காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பது நம்மவர் பழமொழி. மந்திரக்காரன் கண்ணுக்கோ கண்ட மஞ்சளெல்லாம் ஒரே காமாலை!

நிற்க, கழுத்துச் சங்கதிக்கு வருவோம். தொண்டையின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் ஒரு சுரப்பி இருக்கின்றது. தைராய்டு என்று பெயர். எடை ஏறக்குறைய 20 கிராம்தான். அது சுரக்கின்ற ஹார்மோன்தான் உடம்பிலுள்ள ஒவ்வொரு அணுவும் எந்த வேகத்தில் வேலை செய்ய வேண்டுமென்று உத்தரவு போடுகின்றது. அது அளவுக்கு மேல் சுரந்தால் உடம்பு முழுவதும் ஓய்வில்லாமல் ஓடுகின்றது. நெஞ்சு படபடக்கின்றது, கை நடுங்குகின்றது, வேர்த்துக் கொட்டுகின்றது, நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைக்கின்றது, வயிறு அடிக்கடி போகின்றது, தூக்கம் வருவதில்லை, மாதவிலக்கு குறைகின்றது, சிலருக்குக் கண் பிதுங்குகின்றது. இதை 1835 இல் டப்ளின் நகரத்து கிரேவ்ஸ் என்பவரும், 1840 இல் ஜெர்மனியில் பாசடோ என்பவரும் எழுதி வைத்தார்கள். இந்த வியாதி ஆண்களைவிடப் பெண்களுக்கே பல மடங்கு அதிகமாக வருகின்றது.

இதற்கும் ஈரலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நமது குடியானவத் தோழர்களுக்கு இதை விளக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. வாய்க்காலில் வருகிற தண்ணீர் பழைய அளவுதான். ஆனால் வெயில் அதிகமாகி எல்லா வயலும் இரண்டு பங்கு தண்ணீர் கேட்கின்றது என்று வைத்துக்கொள்ளுவோம். முதலில் காய்வது எது? கடைமடை வயல்தான். ஈரலிலும் அதுவே நடக்கின்றது. சுமார் ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஈரல் ஆயிரக்கணக்கான சிறு பாத்திகளாக அமைந்திருக்கின்றது. ஒவ்வொரு பாத்தியிலும் இரத்தம் ஓரத்தில் நுழைந்து நடுவிலிருக்கும் சிரையில் போய் வடிகின்றது. தைராய்டு மிகுந்தால் ஈரல் அணுக்களுக்குப் பிராணவாயு அதிகம் வேண்டியிருக்கின்றது. ஆனால் ஈரலுக்கு வரும் இரத்தம் அதற்கு ஈடாகப் பெருகுவதில்லை. ஆகவே நடுச்சிரையை ஒட்டிய கடைமடை அணுக்கள் மூச்சுக்குத் தவித்துக் கெடுகின்றன. ஹார்மோன் மிகுதியே நேராகவும் அணுக்களை வதைக்கின்றது. ஓயாமல் அடித்துக்கொண்ட இருதயம் களைத்துவிட்டால், வடிய வேண்டிய இரத்தம் பின்னுக்குத் தேங்கி ஈரல் வீங்குகின்றது. சிலருக்குப் பித்தம் வடிவது தடைப்பட்டு உடம்பு அரிக்கின்றது, கண் மஞ்சளிக்கின்றது.

உறவு ஒரு பக்கத்தோடும் நிற்கவில்லை. தைராய்டு அனுப்புகிற டி4 என்னும் ஹார்மோனை அதிக வீரியமுள்ள டி3 ஆக மாற்றுகிற வேலையில் ஈரலுக்கும் முக்கியப் பங்குண்டு. அந்த ஹார்மோனை இரத்தத்தில் சுமந்து செல்லுகிற புரதங்களைச் செய்வதும் ஈரல்தான். கடைசியில் ஹார்மோனைச் சிதைத்து வெளியேற்றுவதிலும் ஈரலுக்கு வேலையுண்டு. ஆகவே ஒன்று கெட்டால் மற்றொன்றும் தடுமாறுகின்றது.

இது நேற்று முளைத்த புதுக் கதையுமல்ல. 1874 இலேயே ஹாபர்ஷன் என்னும் வைத்தியர், கண் பிதுங்கிய கழலை நோயாளி ஒருவருக்கு இருதயமும் கெட்டுக் காமாலையும் வந்து மரணம் நேர்ந்ததை லண்டன் 'லான்செட்' பத்திரிகையில் எழுதினார். தைராய்டு மிகுந்தவர்களில் கணிசமானவர்களுக்கு இரத்தப் பரிசோதனையில் ஈரல் அளவுகள் மாறியிருப்பதைப் பல நாட்டு வைத்தியர்களும் கண்டிருக்கின்றார்கள். பெரும்பாலும் அது இலேசான மாறுதல்தான்; சுரப்பியை அடக்கினால் ஈரலும் திரும்புகின்றது. கண் மஞ்சளிக்கிற அளவுக்குப் போவது குறைவு. ஆனால் போனால் அது எமன் வாசலில் நிற்பதற்குச் சமானம். தைராய்டு கட்டுக்கடங்காமல் பொங்கி, காய்ச்சலும் பிதற்றலும் வரும் நிலைக்குத் தைராய்டுப் புயல் என்று பெயர். இதைக் கண்டுபிடிக்க 1993 இல் பர்ச், வார்டோஃப்ஸ்கி என்ற இரு வைத்தியர்கள் ஒரு மதிப்பெண் கணக்குப் போட்டார்கள். 45 வந்தால் புயல் என்று எண்ண வேண்டும். அதில் காரணம் தெரியாத காமாலை ஒன்றுக்கு மாத்திரம் 20 மதிப்பெண்! அந்தக் காமாலையை வைத்துக்கொண்டு வேப்பிலைக்காரன் வீட்டில் மூன்று நாள் தங்கினால், நாலாம் நாள் இறங்குவது காமாலையா, உயிரா?

தோழர்களே! ஒரு குடும்பத்துப் பெண்ணை எண்ணிப் பாருங்கள். ஆறு மாதமாக இளைத்துக்கொண்டே வருகின்றாள், தூங்குவதில்லை, எரிந்து விழுகின்றாள், கை நடுங்குகின்றது, கண் முறைத்தாற்போல் நிற்கின்றது. நமது ஜனங்கள் என்ன சொல்லுகின்றார்கள்? "காத்து கருப்பு பிடித்திருக்கின்றது" என்கின்றார்கள். "மாமியாருக்கு அடங்காதவள்" என்கின்றார்கள். "சாமி குத்தம்" என்கின்றார்கள். குறி கேட்கின்றார்கள், கயிறு கட்டுகின்றார்கள், கோடாங்கி அடிக்கின்றார்கள். பிறகு கண் மஞ்சளித்ததும் பேய் கணக்கு முடிந்து காமாலைக் கணக்கு ஆரம்பமாகின்றது. மூக்கில் பச்சிலை பிழிகின்றார்கள். சில இடங்களில் சூடும் போடுகின்றார்கள். இவ்வளவுக்கும் நடுவில் அவள் கழுத்தை ஒருவராவது தொட்டுப் பார்த்ததுண்டா? தாலி கட்டுவதற்கும், தாயத்துக் கட்டுவதற்கும் மாத்திரம்தானா பெண்ணின் கழுத்து? அதில் வியாதி இருக்கக்கூடும் என்று ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை?

இனி, மறுபக்கத்தார் சொல்லும் ஆட்சேபணை ஒன்று உண்டு. "இங்கிலீஷ் மருந்து ஈரலைக் கெடுக்கும், ஏற்கெனவே ஈரல் கெட்டவளுக்கு அதைக் கொடுக்கலாமா?" என்பதாகும். நாம் இதை மறைத்துப் பேச விரும்பவில்லை. தைராய்டை அடக்கும் மருந்துகள் 1943 இல் ஆஸ்ட்வுட் என்பவர் காட்டிய வழியில் வந்தவை. அவைகளில் கார்பிமசோல் சிலருக்குப் பித்தத் தடையை உண்டாக்குவதுண்டு. புரோபைல்தையோயுராசில் என்பது அபூர்வமாக ஈரலை அடியோடு கெடுத்துவிடுவதும் உண்டு. 2010 இல் அமெரிக்க அரசாங்கத்து மருந்து இலாகா, அந்த மருந்தின் குறிப்பிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் செய்தது. ஆகையால்தான் மருந்து ஆரம்பிக்கும் முன்பே ஈரல் பரிசோதனை செய்து அளவைக் குறித்து வைக்க வேண்டும் என்கின்றார்கள். முன் அளவு இருந்தால்தான், பின்னால் கெடுத்தது சுரப்பியா, மருந்தா என்று தெரியும். மருந்து சாப்பிடும்போது கண் மஞ்சளித்தாலும், சிறுநீர் கறுத்தாலும், காய்ச்சலோடு தொண்டை வலித்தாலும் உடனே வைத்தியரிடம் ஓட வேண்டும். ஆனால் ஈரல் அளவு கொஞ்சம் மாறியிருக்கின்றது என்பதற்காகத் தைராய்டு மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடுவது, கூரை நனையுமே என்று பற்றிய நெருப்பின்மேல் தண்ணீர் ஊற்ற மறுப்பதற்குச் சமமாகும். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கதிரியக்க அயோடினும் இருக்கின்றது. அது 1941 முதலே மனிதர்களுக்குக் கொடுக்கப்பட்டு வருகின்றது. அறுவை சிகிச்சையும் இருக்கின்றது. எதை, எப்பொழுது என்பதைத் தீர்மானிக்க வேண்டியது வைத்தியர். பூசாரியும் அல்ல, பக்கத்து வீட்டாரும் அல்ல.

இங்கேதான் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டுகின்றோம். விஞ்ஞானம் தன் மருந்தின் கெடுதலைத் தானே கண்டுபிடித்து, தானே அச்சடித்துக் கொடுக்கின்றது. எந்த மந்திரக்காரனாவது தன் தாயத்தோடு, "இதனால் இத்தனை பேர் குணமாகாமல் செத்தார்கள்" என்று ஒரு சீட்டுக் கொடுத்ததுண்டா? செத்தவர்களை விதியின் கணக்கிலும், பிழைத்தவர்களைத் தன் கணக்கிலும் எழுதிக்கொள்ளுகிற வியாபாரத்தில் நஷ்டம் எப்படி வரும்?

வைத்தியர்களையும் நாம் சாமியாக்கச் சொல்லவில்லை. கண் மஞ்சளாயிருந்தால் முகம் பாராமல் ஈரல் டானிக் எழுதிக் கொடுப்பவர்களும் உண்டு; ஊசி ஒன்று போட்டு அனுப்புகிறவர்களும் உண்டு. கீழாநெல்லியோ, டானிக்கோ, எதுவானாலும் கழுத்தில் மிகையாய்ச் சுரப்பதை அது நிறுத்தப்போவதில்லை. ஆகவே படபடப்பும், நடுக்கமும், இளைப்பும் இருந்து ஈரல் அளவும் மாறியிருந்தால், "டி.எஸ்.எச். பார்க்க வேண்டுமா?" என்று தைரியமாய்க் கேளுங்கள். மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் கட்டளைதான் டி.எஸ்.எச். தைராய்டு அளவுக்கு மீறினால் அந்தக் கட்டளை அநேகமாக அற்றுப்போய்விடும். ஒரு சிறு குழாய் இரத்தத்தில் தெரிந்துவிடும் சங்கதி இது. தலைமுடிக்கென்று பயோட்டின் மாத்திரை தின்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அது பரிசோதனைக் கணக்கைப் பொய்யாக்கக் கூடும்.

இந்த அளவுக்காவது கேள்வி கேட்கின்ற பழக்கம் நமது போத்தனூருக்குப் புதியதல்ல. 1930 இல் கோழிக்கோட்டில் பிறந்த பசவ பிரேமானந்த் அவர்கள், இலங்கையிலிருந்த ஆபிரகாம் கோவூர் அவர்களின் வழியைப் பின்பற்றி, அற்புதம் செய்வதாகச் சொல்லுபவர்கள் நிரூபித்தால் ஒரு லட்சம் ரூபாய் தருவதாக அறைகூவினார். 1988 முதல் 'இந்தியன் ஸ்கெப்டிக்' பத்திரிகையை நடத்தியதும் இந்த ஊரிலிருந்துதான். 2009 இல் அவர் கொடிய நோயில் படுத்திருந்தபோது, "கடவுள் பக்கம் திரும்பிவிட்டார்" என்று வதந்தி கிளப்பினார்கள். அவர் சாவதற்குச் சில நாட்களுக்கு முன் அதை மறுத்து அறிக்கையில் கையெழுத்திட்டார். வியாதி வந்த வேளைதான் மூடநம்பிக்கைக்கு அறுவடைக் காலம் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா? அப்படியிருந்தும் அந்தப் போத்தனூரைச் சுற்றியே வேப்பிலைக்குக் கூட்டம் சேருமானால் அது நமக்கு வெட்கமல்லவா?

சட்டமும் இல்லாமலில்லை. 1954 ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று, தாயத்தாலும் மந்திரத்தாலும் வியாதி தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கின்றது. அதன் வியாதிப் பட்டியலில் கழுத்துக் கழலையும் ஒன்று. ஆனால் சட்டம் சுவரொட்டியைத்தான் கிழிக்கும். புத்தியில் ஒட்டியிருப்பதை நாம்தான் கிழிக்க வேண்டும்.

ஆகவே தோழர்களே, நாம் கேட்பது பெரிய காரியமல்ல. வேப்பிலைக்காரன் வீட்டுக்கு நடக்கிற தூரத்தைக் கோயமுத்தூர் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு நடங்கள், சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு உரிமையுள்ள தொழிலாளிகள் அங்கே போங்கள். மந்திரிப்பவனுக்கு வெற்றிலையில் வைக்கும் காசைப் பஸ்ஸுக்குக் கொடுங்கள். கண்ணைப் பார்த்தவுடன் கழுத்தையும் பாருங்கள். இளைத்து நடுங்குகிற பெண்ணைப் பேயென்றும், அடங்காதவளென்றும் சொல்லுகிற வாயை அடக்கி, அவளை ஒரு இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். ஒரு குழாய் இரத்தம் சொல்லுகிற உண்மையை ஓராயிரம் மந்திரம் சொல்லாது என்பதைத் துணிவாய்ச் சொல்லுகின்றோம்.