யவனர் சரித்திரம் நமக்கு அந்நியமா?

சரித்திரத்தில் எம்.ஏ. படிக்கும் பிள்ளை, 'பண்டைய கிரேக்க, ரோமானிய வரலாற்றில் ஆராய்ச்சி செய்யப் போகிறேன்' என்று சொன்னால், 'அது நமக்கு எதற்கு?' என்றுதான் வீட்டில் கேட்பார்கள். ஏதென்ஸிலும் ரோமிலும் நடந்ததைத் திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து படித்து என்ன பயன் என்பது பெற்றோரின் வாதம். கேள்வி நியாயமானதே. ஆனால், அந்தச் சரித்திரத்தின் ஒரு பகுதி நம் வாசலிலேயே நடந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, குமரிமுனையை உள்ளிட்ட நிலப்பகுதியை 'ஆயோய்' என்பவர்களின் நாடு என்று குறித்தார். பொதியமலையை ஆண்ட ஆய் மன்னர்களை அறிந்த தமிழ் மாணவனுக்கு இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. அந்நாட்டின் தலைமை நகராக அவர் சொல்லும் 'கொட்டியாரா', நாஞ்சில் நாட்டுக் கோட்டாறுதான் என்று அறிஞர்கள் கொள்வர். அவருக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னர், பெயர் தெரியாத வணிகர் ஒருவர் 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வழி நூலைக் கிரேக்கத்தில் எழுதினார். முசிறியையும் குமரியையும் கூறும் அந்நூல், இடையே 'பலிதா' என்றொரு நல்ல துறையையும் சொல்கிறது. அது வர்க்கலை என்பாரும் உண்டு; விழிஞம் என்பாரும் உண்டு. விழிஞத்தில் 2025ஆம் ஆண்டு மே மாதம் புதிய துறைமுகம் திறந்துவைக்கப்பட்டதைப் பெருமையோடு பேசினோம். இந்தக் கரையின் பழைய கப்பல் போக்குவரத்தைப் பற்றி எத்தனை பேர் பேசினோம்?

சான்றுகள் ஏட்டில் மட்டும் இல்லை. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கேரள வரலாற்று ஆராய்ச்சிக் கவுன்சில், 2007 முதல் பறவூர் அருகே பட்டணம் என்ற ஊரில் அகழாய்வு நடத்தியது. மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச் சாடிகளுடைய ஓடுகள் அங்கே ஆயிரக்கணக்கில் கிடைத்தன. பட்டணம்தான் முசிறியா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. அந்த வழக்கைத் தீர்க்க வேண்டியவர்கள் இனி வரும் மாணவர்களே.

வியன்னா நூலகத்தில் உள்ள பாப்பிரஸ் ஏடு ஒன்று 1985இல் வெளியிடப்பட்டது. முசிறி வாணிபத்துக்கான கடன் ஒப்பந்தத்தைப் பற்றிய கிரேக்க ஆவணம் அது. 'ஹெர்மபொல்லோன்' என்ற கப்பலின் சரக்குக்கு அதில் காணும் மதிப்பு சுமார் 69 லட்சம் திராக்மா! மறுபுறம், எகிப்தின் செங்கடல் கரையில் உள்ள குஸைர் அல்-கதீமில் கண்ணன், சாத்தன் என்ற தமிழ்ப் பெயர்களும், பெரனிகேயில் கொற்றன் என்ற பெயரும் தமிழ் பிராமி எழுத்தில் பொறித்த பானை ஓடுகளில் கிடைத்தன. அவற்றைப் படித்துச் சொன்னவர் ஐராவதம் மகாதேவன்.

இங்கேதான் நம் குறை வெளிப்படுகிறது. யவனக் கப்பல் பொன் கொண்டுவந்து மிளகு கொண்டுபோனதை அகநானூற்றின் 149ஆம் பாடலில் நம் மாணவன் மூலத்திலேயே படிக்க முடியும். பெரிப்ளூஸை மட்டும் 1912இல் வெளிவந்த ஷாஃப் அவர்களின் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்து எழுதும் வழக்கம் இன்னும் போகவில்லை. மூலத்தைப் பார்த்து 1989இல் கேஸன் திருத்தமான மொழிபெயர்ப்பை வெளியிட்டார். மூலம் தெரியாதவனால் இருவரில் யார் சொல்வது சரி என்று எப்படித் தீர்மானிக்க முடியும்? மேல்நாட்டு அறிஞருக்குக் கிரேக்கம் தெரியும். பெரும்பாலோருக்குத் தமிழ் தெரியாது. நமக்குத் தமிழ் தெரியும், கிரேக்கம் தெரியாது. இரண்டும் அறிந்தவன் எழுதும் சரித்திரமே முழுச் சரித்திரமாகும்.

கிரேக்கத்தை யார் கற்பிப்பது என்று கேட்கலாம். வழி இருக்கிறது. பெரிப்ளூஸ் எழுதப்பட்டது அக்காலத்துப் பொதுக் கிரேக்கத்தில். கிறிஸ்தவர்களின் புதிய ஏற்பாடும் அதே நூற்றாண்டின் பொதுக் கிரேக்கமே. இறையியல் கல்லூரிகளில் அந்த மொழியைக் கற்பிக்கும் மரபு நெடுங்காலமாக உண்டு. அத்தகைய கல்லூரி ஒன்று இந்நகரின் கண்ணம்மூலையிலேயே இருக்கிறது. கேரளப் பல்கலைக்கழகத்தின் வரலாறு, தொல்லியல், தமிழ்த் துறைகள் மூன்றும் காரியவட்டம் வளாகத்தில் உள்ளன. இவை கைகோத்து, முதுகலை மாணவர்களுக்கு ஓர் ஆண்டுக் கிரேக்கமும், சங்க இலக்கியமும், தமிழ் பிராமியும் சேர்ந்த ஒரு விருப்பப் பாடத்தை வைத்தால் என்ன? பெரிய கட்டடமோ கோடிக்கணக்கான பணமோ இதற்குத் தேவையில்லை.

வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். படித்து முடித்த மறுநாளே உத்தியோகம் என்று யாரும் உறுதி கூற முடியாது. வெறும் சரித்திர எம்.ஏ.வுக்கும் அந்த உறுதி இல்லை. ஆனால் தொல்லியல், அருங்காட்சியகம், கல்லூரி ஆசிரியப் பணி என்று எங்கே விண்ணப்பித்தாலும், இரு மொழி மூலங்களையும் படிக்கத் தெரிந்தவனுக்குத் தனி மதிப்பு உண்டு. அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி இடம் கேட்கும்போதும் அது துணைநிற்கும்.

திருவனந்தபுரத் தமிழர்களுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. சேர நாட்டு மண்ணில் வாழ்ந்துகொண்டு பதிற்றுப்பத்தைத் தாய்மொழியில் படிக்கக் கூடியவர்கள் நாம். பாதி வேலை முடிந்த நிலையிலேயே நம் பிள்ளைகள் தொடங்குகிறார்கள். மீதிப் பாதிக்கு அவர்கள் விரும்பி முன்வரும்போது, 'அது நமக்கு எதற்கு?' என்று தடுக்காமல் இருந்தால் போதும். தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுக்கு ஒரு மாணவனுக்காவது உதவித்தொகை கொடுத்தால் இன்னும் நல்லது.