மானுக்கு மக்காச்சோளம் விதைக்கலாமா?

சென்ற கோடையில் எங்கள் கல்லூரி மாணவர் சிலர் ஒரு மூட்டை மக்காச்சோள விதையுடன் என் அறைக்கு வந்தனர். மேகமலை அடிவாரத்தில் காட்டோரமாகக் கிடக்கும் தரிசு ஒன்றில் அதை விதைத்து, மானுக்கும் காட்டுமாட்டுக்கும் தீனி தரப்போகிறார்களாம். நல்ல மனந்தான். ஆயினும் வேண்டாம் என்றேன். நான் விலங்கியல் படித்தவன் அல்லன். இயற்பியல் ஆசிரியனுக்குத் தெரிந்த ஒரு கணக்கைத்தான் அவர்களிடம் சொன்னேன்.

ஒரு கிலோ அரிசியில் சுமார் 3,500 கிலோ கலோரி ஆற்றல் இருக்கிறது. ஒரு கிலோ பச்சைப் புல்லிலோ ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். மீதியிலும் யானையின் குடல் செரிப்பது பாதிக்கும் குறைவே. அதனால்தான் அது நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் மேய்ந்துகொண்டே இருக்கிறது. ஆற்றலை நேரத்தால் வகுத்தால் கிடைப்பது திறன் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். தானியம் தின்னும் விலங்குக்கு அந்தத் திறன் பல மடங்கு கூடிவிடுகிறது. ஒருமுறை அதன் ருசி கண்ட விலங்கு புல்லை மட்டும் நம்பி இருக்குமா?

அரிக்கொம்பனை நினைத்துப் பாருங்கள். சின்னக்கானல் பக்கம் கடைகளையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்று பழகிய ஆண்யானை அது. மலையாளத்தில் ‘அரி’ என்றால் அரிசி. பெயரே அதனால் வந்ததுதான். 2023 ஏப்ரல் இறுதியில் கேரள வனத்துறையினர் அதைப் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டனர். அங்கே தழைக்கா பஞ்சம்? ஒரு மாதம் நிறையுமுன், மே 27 அன்று, அது கம்பம் நகரத் தெருக்களில் ஓடியது. அதனிடம் சிக்கிக் காயம்பட்ட ஒருவர் பின்னர் இறந்தார். ஜூன் 5 அன்று தமிழக வனத்துறையினர் மறுபடியும் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோயினர். பழகிய காட்டைவிட்டுப் பெயர்த்ததும் அதைக் குழப்பியிருக்கலாம். ஆனால் அரிசிப் பழக்கம் இல்லையென்றால் அதைப் பெயர்க்கவே வேண்டி வந்திராது.

மான் யானையைப் போல் கதவை உடைக்காது, உண்மை. ஆனால் காட்டோரச் சோளக்கொல்லை மானை மட்டுமா அழைக்கும்? முதல் விருந்தாளி காட்டுப்பன்றி. கொல்லை தீர்ந்ததும் அடுத்த வரப்பைத் தாண்டிக் கடன் வாங்கிப் பயிர் செய்தவரின் வயலுக்குள் இறங்கும். அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் மானை வரவழைக்கவென்றே தீவனம் பயிரிடுகிறார்கள். வந்த மானைச் சுடுவதும் அத்திட்டத்தில் அடக்கம். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் மானைக் காக்கும் நமக்கு அந்த முறை எதற்கு?

மானின் வயிற்றையும் எண்ணுங்கள். பொங்கலன்று மாட்டுக்கு அளவு மீறிச் சர்க்கரைப் பொங்கல் ஊட்டிவிட்டு, மறுநாள் கால்நடை மருத்துவரைத் தேடி ஓடியவர்கள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள். நார்ப்பொருளைச் செரிக்கப் பழகிய இரைப்பையில் மாவுப்பொருள் திடீரென்று குவிந்தால், அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை அமிலமாக்கிவிடும். மானும் அசைபோடும் விலங்குதானே!

பிறகு என்னதான் செய்வது என்றார்கள். காட்டுக்குள்ளே உண்ணிச்செடி புதராக மண்டிப் புல்லை முளைக்கவிடாமல் அமுக்குகிறது. வனத்துறையின் அனுமதியோடு அதை வேரோடு பிடுங்கி, அந்த மண்ணுக்குரிய புல்லை வளரவிட்டால் மானுக்கு அதன் வீட்டிலேயே சாப்பாடு. முள்ளும் வெயிலும் கொண்ட வேலை. விதை தூவுவது போல ஒரு நாளில் முடிந்துவிடாது. பையன்களின் முகம் சற்றுத் தொங்கிப்போயிற்று. எனினும் வனச்சரக அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சோள மூட்டை இன்னும் என் மேசைக்கடியில்தான் இருக்கிறது.